ஆர்டிஓ பர்னரில் எரிவாயு எங்கே போகிறது, எப்படி மிச்சம் பிடிப்பது

ஊருக்குள் ஆர்டிஓ என்றால் லைசென்ஸ் ஆபீஸ். பெயிண்ட் ஷாப்பிலும் பிரின்டிங் யூனிட்டிலும் அது பின்பக்கம் நிற்கிற பெரிய இரும்புப் பெட்டி. ஓவனிலிருந்தும் கோட்டிங் மெஷினிலிருந்தும் வருகிற சால்வென்ட் ஆவியை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரித்து, கரியமில வாயுவும் நீராவியுமாக வெளியே விடுகிற ரீஜெனரேடிவ் தெர்மல் ஆக்சிடைசர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் பெயிண்ட் ஷாப் மெயின்டனன்ஸில் இருப்பவர்களுக்கு இதைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாதா மாதம் எல்பிஜி பில் வரும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்கிற பெட்டி இதுதான்.

பில் எகிறினால் எல்லோரும் முதலில் கை வைப்பது செட் பாயிண்ட்டில், அதாவது உள்ளே பிடிக்கச் சொல்லி வைத்திருக்கிற வெப்பநிலையில். அது கடைசியாகத் தொட வேண்டியது. ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

மணிக்கு 20,000 நார்மல் கன மீட்டர் காற்று, உள்ளே வரும்போது 40 டிகிரி, சேம்பர் (ஆவி எரிகிற அறை) 815 டிகிரி. ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி ஏற்ற சராசரியாக 0.32 கிலோ கலோரி வேண்டும். சூட்டைப் பிடித்து வைக்கிற மீடியா என்ற ஒன்றே இல்லாவிட்டால் 20,000 × 0.32 × 775, அதாவது மணிக்கு 49.6 லட்சம் கிலோ கலோரி. எல்பிஜி கிலோவுக்கு 11,000 கிலோ கலோரி என்று வைத்தால் மணிக்கு 450 கிலோ. யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் பீங்கான் மீடியா நிரப்பிய பெட்கள். வெளியே போகிற சூட்டை ஒரு பெட் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒன்றரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குள் வால்வுகள் திசை மாறுகின்றன; உள்ளே வருகிற காற்று அதே சூட்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறுகிறது. வெப்ப மீட்பு 95% என்றால் பர்னர் கொடுக்க வேண்டியது மிச்சம் 5% மட்டும்: 2.48 லட்சம் கிலோ கலோரி, மணிக்கு 22.5 கிலோ.

இப்போது மீட்பு 95-லிருந்து 90-க்கு இறங்கியது என்று வையுங்கள். காகிதத்தில் ஐந்தே புள்ளி. ஆனால் பர்னரின் பங்கு 5-லிருந்து 10 ஆகிவிட்டது. 22.5 கிலோ 45 கிலோவாகிறது. செட் பாயிண்ட்டை 30 டிகிரி குறைத்தாலோ, 775-ல் 30, சுமார் 4% தான் மிச்சம். ஒரு பக்கம் இரட்டிப்பு, மறுபக்கம் 4%. ஆகவே தேட வேண்டியது அந்தக் கடைசி ஐந்து சதவீதம் எந்த ஓட்டை வழியாகப் பத்தாகிறது என்பதைத்தான்.

முதலில் நான்கு எண்கள்

ஆர்டிஓவுக்கென்று தனி கேஸ் மீட்டர் இல்லையென்றால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து அதை முதலில் போடுங்கள். ஓவன் பர்னரும் ஆர்டிஓவும் ஒரே லைனில் இருந்தால் எது தின்கிறது என்பது கடைசிவரை வாக்குவாதமாகவே இருக்கும். எல்பிஜி ஆவி மீட்டரில் லைன் பிரஷருக்கும் வெப்பநிலைக்கும் திருத்தம் போட மறக்க வேண்டாம்.

அடுத்து மூன்று வெப்பநிலைகள்: உள்ளே வருகிற காற்று, சேம்பர், பெட்டை விட்டு வெளியேறும் காற்று. சேம்பர் வெப்பநிலையிலிருந்து, வெளியேறும் காற்றின் வெப்பநிலையைக் கழியுங்கள். சேம்பர் வெப்பநிலையிலிருந்து, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் மீட்பு. உள்ளே 40, சேம்பர் 815, வெளியே 79 என்றால் 736-ஐ 775-ஆல் வகுக்க, 95%. வெளியே 118 என்றால் 90%.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெளியேறும் வெப்பநிலை நிலையாக நிற்காது. வால்வு மாறியதும் தாழ்ந்து தொடங்கி அடுத்த மாற்றம் வரை ஏறிக்கொண்டே போகும். ஸ்கிரீனில் அந்த நொடியில் தெரிகிற எண்ணை எழுதினால் ஒருநாள் 96 வரும், மறுநாள் 91 வரும். டிரெண்டை எடுத்து, பத்துப் பதினைந்து முழு சைக்கிளின் சராசரியைப் போடுங்கள். சால்வென்ட் இல்லாமல் வெறும் காற்று ஓடும் நேரத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.

சேம்பர் தெர்மோகப்பிளையும் (வெப்பநிலை உணரி) சந்தேகப்படுங்கள். 800-க்கு மேல் வருடக்கணக்கில் கிடக்கும் கே டைப் பழசாகப் பழசாக விலகும். அது 20 டிகிரி குறைத்துக் காட்டினால் நீங்கள் தெரியாமலே 20 டிகிரி அதிகம் எரிக்கிறீர்கள். வருடத்துக்கு ஒருமுறை புதிய ஒன்றைப் பக்கத்தில் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காற்றைக் குறைப்பதுதான் பெரிய லாபம்

ஆர்டிஓ சால்வென்ட்டைச் சூடாக்கவில்லை, காற்றைச் சூடாக்குகிறது. சால்வென்ட் உண்மையில் ஓசி எரிபொருள். ஆவி தீப்பிடிக்கக் காற்றில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுதான் எல்இஎல். அந்த அளவில் ஒரு சதவீதம் இருந்தால் எரியும்போது ஏறக்குறைய 14 டிகிரி ஏறும். 95% மீட்புள்ள பெட்டிக்கு 39 டிகிரிதான் தேவை. எல்இஎல் 3 சதவீதத்தை நெருங்கினாலே பர்னர் தூங்கிவிடும். டொலுவீனில் சொன்னால் கன மீட்டருக்கு 1.3 கிராம்.

உங்கள் லைனில் மணிக்கு 15 கிலோ டொலுவீன் ஆவியாகிறது, காற்று 20,000 என்று வைப்போம். கிலோவுக்கு 9,700 கிலோ கலோரி வீதம் சால்வென்ட் 1.45 லட்சம் தருகிறது. தேவை 2.48 லட்சம். மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சத்தைப் பர்னர் தர வேண்டும். அதே 15 கிலோவை 12,000 கன மீட்டர் காற்றில் கொண்டுவந்தால் தேவை 1.5 லட்சமாக இறங்குகிறது. பர்னருக்குச் சுவர் வழியாகப் போகும் நஷ்டத்தை ஈடுகட்டுவதைத் தவிர வேலை இல்லை. ஃபேனிலும் லாபம்: விஎஃப்டியில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) காற்றை 80%-க்கு இறக்கினால் மின்சாரம் பாதியை ஒட்டி வரும்.

காற்றை எங்கே குறைப்பது? ஓடாத மெஷினின் எக்ஸாஸ்ட் டேம்பர் (டக்ட்டைத் திறந்து மூடும் தகடு) திறந்தே கிடக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கிடக்கும். மெஷின் நின்றால் தானாக மூடுகிற டேம்பர், டக்ட் பிரஷரைப் பார்த்து ஓடுகிற விஎஃப்டி, இந்த இரண்டும் சேர்ந்தால்தான் பலன். டேம்பரை மட்டும் மூடினால் ஃபேன் பக்கத்து ஹூட்டிலிருந்து அதே காற்றை இழுத்துவிடும். ஓவனில் ரீசர்குலேஷன் இருந்தால் எக்ஸாஸ்ட்டின் அளவை எல்இஎல் மீட்டரை வைத்துத் தீர்மானியுங்கள், பழக்கத்தை வைத்து வேண்டாம். ஓவன்களுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்எஃப்பிஏ 86 சொல்கிற எல்லை இது: தொடர்ந்து அளக்கிற மீட்டர் இல்லாவிட்டால் எல்இஎல்லில் 25% தாண்டக் கூடாது, மீட்டரும் இன்டர்லாக்கும் (எல்லை மீறினால் தானாக நிறுத்தும் ஏற்பாடு) இருந்தால் 50% வரை. மேலே சொன்ன 12,000 கன மீட்டர் கணக்கில் எல்இஎல் வெறும் 2.8 தான், ஆனால் அது சராசரி. பேட்ச் ஓவனில் கதவு மூடிய முதல் சில நிமிடங்களில் ஆவி குபுகுபுவென்று வரும். அந்த உச்சத்தை அளந்து பார்க்காமல் காற்றில் கை வைக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிற வெளிக்காற்று இன்னொரு கதை. ஓவனை விட்டு 70 டிகிரியில் கிளம்புகிற காற்று ஆர்டிஓ வாசலில் 58-தான் இருக்கிறது, வெளியே 32 டிகிரி என்றால், 12-ஐ 38-ஆல் வகுங்கள்: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிக்காற்று. டக்ட்டின் சூடு கொஞ்சம் குறைந்திருக்கலாம், அதைக் கழித்தாலும் அதிகம். கிழிந்த கேன்வாஸ் பெல்லோஸ், கேஸ்கெட் போன கதவு எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது ஃபிரெஷ் ஏர் டேம்பர். ஆக்சுவேட்டர் மூடியதாகக் காட்டும், லிமிட் சுவிட்ச் பச்சை எரியும், உள்ளே ஷாஃப்ட்டில் பிளேடு நழுவி அரைகுறையாகத் திறந்து நிற்கும். கையை வாசலில் வைத்தால் உறிஞ்சுவது தெரியும்.

ஸ்பிரே பூத் காற்று போல ஏராளமாகவும் நீர்த்தும் வருவதை நேராக ஆர்டிஓவுக்கு அனுப்புவதே தவறு. அதற்கு ஜியோலைட் ரோட்டார் (சால்வென்ட்டை உறிஞ்சிச் செறிவாக்கும் சக்கரம்) வைத்துப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்ப வேண்டும். செலவு பெரிது, கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும்.

பர்னர் ப்ளோயர் என்கிற ஊமைத் திருடன்

பல பெட்டிகளில் பர்னருக்குப் போகிற காற்று எப்போதும் ஒரே அளவு. கேஸ் மட்டும் கூடிக் குறையும். பர்னரைத் தேர்ந்தெடுப்பது குளிர்ந்த பெட்டியைச் சூடேற்றுவதற்காக. ஆகவே அது பெரியது. உதாரணமாக மணிக்கு 10 லட்சம் கிலோ கலோரி பர்னர் என்றால் முழு நெருப்பில் அதற்குச் சுமார் 1,200 கன மீட்டர் காற்று வேண்டும். சூடேறிய பிறகு தேவை கால்பங்குதான். காற்றோ 1,200 வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் காற்று பெட் வழியாக வருவதில்லை. மீடியாவின் சூடு கொஞ்சமும் வாங்காமல் 35 டிகிரியில் நேராகச் சேம்பருக்குள் விழுகிறது. அதை 815-க்கு ஏற்ற 1,200 × 0.32 × 780, மூன்று லட்சம் கிலோ கலோரி. 22.5 கிலோவுக்கு மேல் இன்னும் 27 கிலோ! மீடியா புத்தம் புதிதாக இருந்தாலும் வெளியேறும் வெப்பநிலை 120-ஐத் தொட்டு, மீட்பு 90 என்று காட்டும். மீடியாவை மாற்றச் சொல்லி கொட்டேஷன் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

சரி செய்ய மூன்று படிகள். லோ ஃபயரில் காற்றும் சேர்ந்து குறையும்படி லிங்கேஜையோ சர்வோவையோ செட் செய்வது முதல் படி. கேஸோடு ஒட்டிக் காற்றும் நடந்தால் மொத்தம் 32 கிலோ அளவில் நிற்கும். இரண்டாவது படி: சேம்பரில் ஏற்கெனவே போதுமான ஆக்சிஜன் இருப்பதால் காற்றை இன்னும் இறுக்கலாம். ஆனால் நெருப்பு உதறினாலோ, சுடரைக் கண்காணிக்கிற யுவி ஸ்கேனர் விட்டு விட்டுக் காட்டினாலோ, சைட் கிளாஸில் மஞ்சள் நாக்கு நீண்டாலோ ஒரு படி பின்னால் வாருங்கள். கூலிங்குக்காக வைத்த குறைந்தபட்சக் காற்றை முழுக்க மூடினால் பர்னர் நாசில் கருகும்.

மூன்றாவது படி பர்னரையே அணைப்பது. சேம்பர் நன்றாகச் சூடேறிய பிறகு ப்ளோயரை நிறுத்தி, தேவையான கேஸை உள்ளே வருகிற காற்றிலேயே கலந்து விடுவது. அது சூடான மீடியாவைக் கடக்கும்போதே சுடர் இல்லாமல் எரிந்துவிடும். பர்னர் காற்றே இல்லாததால் 32 கிலோ 22-23-க்கு வரும். நைட்ரஜன் ஆக்சைடும் விழுந்துவிடும். நமது உதாரணத்தில் இதனால் கூடுகிற எல்இஎல் 3-க்கும் குறைவு. ஆனால் இது வெல்டரை வைத்து ஒரு டீ போட்டு முடிக்கிற வேலை அல்ல. இரட்டை ஷட் ஆஃப் வால்வு, சேம்பர் வெப்பநிலை இன்டர்லாக், ஃபேன் ஓட்டச் சோதனை, எல்இஎல் உச்சத்தில் கேஸை வெட்டுவது என எல்லாம் பிஎல்சியில் (பெட்டியின் கட்டுப்பாட்டுக் கணினி) வர வேண்டும். 760 டிகிரிக்குக் கீழே எக்காரணத்துக்காகவும் கேஸ் திறக்கக் கூடாது. பெட்டியைச் செய்தவரையோ அதற்கு இணையான அனுபவம் உள்ளவரையோ வைத்தே செய்யுங்கள். இரண்டு பெட் மட்டும் உள்ள மாடலில் வால்வு மாறுவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்பே கேஸ் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எரியாத கேஸ் ஸ்டாக்குக்கு (புகைபோக்கிக்கு) போகும். காசையும் கொடுத்து மாசையும் வாங்கிய கதையாகிவிடும்.

ஹாட் பைபாஸ்

சால்வென்ட் அதிகம் வந்து சேம்பர் சூடு மீறும்போது திறக்க வேண்டிய டேம்பர் இது. மற்ற நேரமெல்லாம் இறுக மூடியிருக்க வேண்டும். 815 டிகிரியில் பிளேடு வளையும், சீட் தேயும். காற்றில் ஒரே ஒரு சதவீதம் இந்த வழியாகக் கசிந்தாலும் மணிக்கு நாலரைக் கிலோ எல்பிஜி.

கண்டுபிடிப்பது எளிது. ஸ்டாக் பாதையில், பைபாஸ் டக்ட் வந்து சேரும் இடத்துக்கு முன் ஒரு வெப்பநிலை, சேர்ந்த பிறகு ஒரு வெப்பநிலை எடுங்கள். டேம்பர் மூடியிருக்கும்போது இரண்டுக்கும் 7 டிகிரி வித்தியாசம் வந்தால் சுமார் ஒரு சதவீதக் கசிவு. 20 டிகிரி வந்தால் அடுத்த ஷட் டவுனுக்குக் காத்திருப்பதே நஷ்டம்.

வால்வு கசிந்தால் நடக்கும் தவறு

பெட்களுக்குள் காற்றின் திசையை மாற்றுகிற பாப்பெட் வால்வு சரியாக உட்காராவிட்டால் அழுக்குக் காற்று பெட்டையே தொடாமல் ஸ்டாக்குக்குத் தாவும். ஒரு சதவீதம் கசிந்தால் அழிப்புத் திறன் எந்தச் சூட்டிலும் 99-ஐத் தாண்டாது. கசிகிற காற்று குளிர்ந்தது என்பதால் வெளியேறும் வெப்பநிலை கொஞ்சம் குறைந்து, மீட்பு பிரமாதம் என்று கூடக் காட்டும். ஸ்டாக் ரிப்போர்ட் மோசமாக வரும், செட் பாயிண்ட்டை 850, 870 என்று ஏற்றுவார்கள், ரிப்போர்ட் மாறாது, பில் மட்டும் ஏறும்.

எஃப்ஐடி மீட்டரை (எரியாத ஹைட்ரோகார்பனை அளக்கும் கருவி) ஸ்டாக்கில் அரைமணி நேரம் வைத்து டிரெண்டைப் பாருங்கள். ஒவ்வொரு வால்வு மாற்றத்திலும் ஊசிபோல ஒரு முனை எழுந்து அடங்கினால் அது இரண்டு பெட் பெட்டியின் இயல்பு. முனைகளுக்கு நடுவே தரைமட்டமே உயர்ந்து நின்றால் கசிவு. ஆக்சுவேட்டரில் காற்று அழுத்தம், ஸ்ட்ரோக் நேரம், சீட்டில் ஒட்டிய பிசின் கட்டி என்ற வரிசையில் தேடுங்கள். பெயிண்ட் ஷாப்பில் குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பிசின்தான்.

சைக்கிள் நேரமும் இங்கேயே பார்க்க வேண்டியது. நேரம் நீண்டால் சூடு பெட்டின் அடிவரை இறங்கி வெளியே போகும். 150 நொடியை 120 ஆக்கி இரண்டு மணி நேரச் சராசரியை ஒப்பிடுங்கள். வெளியேறும் வெப்பநிலை இறங்கினால் அது லாபம். மிகவும் குறைத்தால் வால்வு தேயும், ஒவ்வொரு மாற்றத்திலும் வருகிற அழுக்கு முனையும் கூடும். காற்றோட்டம் குறைந்த ஷிஃப்ட்டில் மாறாக நேரத்தைக் கூட்டலாம்.

மீடியா

காற்றளவு அதேபோல இருக்கும்போது பெட்டின் பிரஷர் டிராப்பை கமிஷனிங் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஏறியிருந்தால் அடைப்பு. இறங்கியிருந்தால் மீடியா அமிழ்ந்து, சுவரோரம் இடைவெளி விட்டு, காற்று அந்த வழியாக ஓடுகிறது. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் ஃபேனுக்குச் சுமை குறைந்ததாகத் தெரியும். மீடியா சேடில் (சேணம் போன்ற சிறு துண்டுகள்) வகையானால் ஷட் டவுனில் மேலே ரொப்பிச் சமப்படுத்தினால் போதும்.

அடைப்பு இரண்டு விதம். பெட்டின் மேல் பக்கம் வெள்ளை மாவு படிந்திருந்தால் சிலிக்கான்: சீலன்ட்டிலும் சில பெயிண்ட் அடிட்டிவ்களிலும் உள்ள சிலிக்கோன் எரிந்து சிலிக்காவாகியிருக்கிறது. இதை எந்தச் சூடும் எரிக்காது. மேல் அடுக்கை எடுத்துத் தட்டிப் போடுவது அல்லது மாற்றுவதுதான் வழி. கீழ்ப் பக்கம் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் பெயிண்ட் பிசின். அதற்கு பேக் அவுட்: புரொசெஸை நிறுத்தி, சுத்தக் காற்றைக் குறைந்த அளவில் ஓட்டி, ஒவ்வொரு பெட்டாக அடிப்பகுதியை 350-400 டிகிரி வரை மெதுவாக ஏற்றுவது. மீடியாவைத் தாங்கும் கிரிட்டும் வால்வு சீலும் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று டிராயிங்கில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பல மாதம் சேர்த்துவைத்து ஒரேயடியாகச் செய்தால் பெட்டுக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

வெளிச்சுவரில் சூட்டுத் திட்டுகள் தெரிந்தால் தெர்மல் கேமராவில் குறித்து வையுங்கள். 60 டிகிரிச் சுவர் சதுர மீட்டருக்கு 0.3 கிலோவாட் விடும். 150 டிகிரித் திட்டு 2 கிலோவாட் விடும். நாளுக்கு நாலு கிலோ எல்பிஜிகூட ஆகாது. பணத்துக்காக அல்ல, உள்ளே செராமிக் ஃபைபர் விழுந்திருப்பதால் தகடு போய்விடும் என்பதற்காகச் சரிசெய்ய வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

லைன் ஓடாதபோது முழுக் காற்றோடும் முழுச் சூட்டோடும் ஆர்டிஓ ஓடுவது சாதாரணமாகக் காணும் காட்சி. சாப்பாட்டு இடைவேளை, ஷிஃப்ட் மாற்றம் போன்ற சின்ன இடைவெளிக்கு: ஃபிரெஷ் ஏரில் மாற்றி, ஃபேனைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி, செட் பாயிண்ட்டை 700 அளவுக்கு விடுங்கள். புரொசெஸ் டேம்பர் திரும்பத் திறக்க, சேம்பர் முழுச் சூட்டுக்கு வந்தாக வேண்டும் என்ற இன்டர்லாக் கட்டாயம்.

ஒரு நாள் முழுக்க லீவு என்றால் கணக்குப் போடுங்கள். 12 டன் மீடியா, சராசரி 400 டிகிரி ஏற்றம், கிலோவுக்கு 0.25 கிலோ கலோரி: 12 லட்சம், சுமார் 110 கிலோ எல்பிஜி. இது முழுக்க ஆறிய பெட்டிக்கு. 20% காற்றோடு சூடாகவே வைத்திருந்தால் சுவர் நஷ்டமும் பர்னர் காற்றும் சேர்ந்து மணிக்கு எட்டுப் பத்துக் கிலோ என்று பிடித்தாலும் 24 மணி நேரத்தில் 200-ஐத் தாண்டும். ஆகவே பர்னரையும் ஃபேனையும் நிறுத்தி, உள்ளே-வெளியே வால்வுகள் எல்லாவற்றையும் மூடி, சூட்டைப் பெட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதுதான் சரி. திங்கள் காலையில் மீடியா பாதிச் சூட்டோடு காத்திருக்கும். வால்வு ஒன்று திறந்து நின்றால் ஸ்டாக் இழுப்பிலேயே இரவெல்லாம் ஆறிவிடும். ஸ்டார்ட்டில் பர்ஜ் (தீ மூட்டும் முன் சுத்தக் காற்று ஊதுவது) டைமரையும் பாருங்கள்: சேம்பர் கொள்ளளவில் குறைந்தது 4 மடங்கு சுத்தக் காற்று போக வேண்டும். அதற்கு நாலைந்து நிமிடம் போதுமென்றால் 20 நிமிடம் வைத்திருப்பது பூட்டிவைத்த சூட்டை ஊதித் தள்ளுவது. அதற்காக தினமும் இரவில் நிறுத்தாதீர்கள். ஆறிச் சூடேறுவதில் மீடியாவும் லைனிங்கும் விரிசல் விடும்.

கடைசியாக செட் பாயிண்ட்

இவை எல்லாம் முடிந்த பிறகு மட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட்டில் வெப்பநிலை எழுதியிருந்தால் அதற்குக் கீழே போக முடியாது, முதலில் அதைப் படியுங்கள். இடம் இருந்தால் 10 டிகிரி வீதம் இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு முழு ஷிஃப்ட் விட்டு, அதிக சால்வென்ட் வரும் ஜாப் ஓடும்போது ஸ்டாக்கில் அளங்கள். ஹைட்ரோகார்பனுக்கு முன்னால் கார்பன் மோனாக்சைடு ஏறத் தொடங்கும். அது ஏறினால் ஒரு படி மேலே வந்து நிறுத்திக்கொள்ளுங்கள். லேப் வைத்து ஸ்டாக் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டை ஃபைலில் வையுங்கள். லோ டெம்பரேச்சர் இன்டர்லாக்கையும் புதிய எண்ணுக்கு ஏற்றபடி, அதே ரிப்போர்ட் அனுமதிக்கிற அளவுக்குள் திருத்துங்கள். 785-க்கு இறக்கிவிட்டு இன்டர்லாக்கை 790-லேயே விட்டால் இரவு ஷிஃப்ட்டில் லைன் நிற்கும். காலையில் யாராவது செட் பாயிண்ட்டை 830-க்கு ஏற்றி வைத்திருப்பார்கள்.